குடும்பத்துக்கு மட்டும்

கட்டில் கடையில் அவனுக்கு ஜோடனைக்காரன் என்று பெயர். கடைக்குள்ளேயே ஒரு மாதிரி வீடு உண்டு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. கூரை மட்டும் கிடையாது. அதை அவ்வப்போது கலைத்துப் புதிதாக ஜோடித்து வைப்பது அவன் வேலை. டிவி அட்டையால் ஆனது. அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் உண்டு, வயிறு கிடையாது. தட்டில் இருக்கும் மெழுகு ஆப்பிள்களில், ஏமாந்த குழந்தைகளின் பல் தடங்கள் தெரியும். வருகிறவர்களிடம் அவன் "படுத்துப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க" என்பான். அவர்கள் செருப்போடு ஏறிப் படுத்துக் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார்கள். எழுந்து விலையைக் கேட்டதும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது ஞாபகம் வந்துவிடும்.

அந்த வட்டாரத்திலேயே அழகான படுக்கையறைக்குப் பொறுப்பாளனான அவன், ராத்திரி தூங்குவது கடைக் கிடங்கில், பீரோ சுற்றி வந்த அட்டைகளின் மேல். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் அவன் மனைவி தூங்குவது ஒரு பெண்கள் விடுதியில். கல்யாணம் பண்ணிப் பார்த்தாயிற்று. வீட்டைக் கட்டிப் பார்க்கும் யோகம் இந்தப் பிறவியில் இல்லை என்பதும் தெரிந்தாயிற்று. சரி, வாடகைக்காவது எடுத்துப் பார்ப்போம் என்று கிளம்பியவர்கள்தான், இன்னும் வந்து சேரவில்லை.

சாயங்காலங்களில் அவள் வாடிக்கையாளர் போல வருவாள். மாதிரி வீட்டின் சோபாவில் உட்கார்ந்து இருவரும் குடும்ப விஷயம் பேசுவார்கள். முதலாளியின் தலை தெரிந்தால் அவன் குரல் உயரும்.

"அசல் தேக்கு மேடம். பேரன் காலம் வரைக்கும் அசையாது."

"பேரன் இருக்கட்டும். மொதல்ல பிள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்க."

பிள்ளை விஷயம் விளையாட்டில்லை. அவளுடைய அக்கா குடும்பம் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது, பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. செடிகளெல்லாம் வாடிவிட்டன. அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

ஒரு அளவு பெரிதான வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் விடுதிக்குள் போய் வந்துகொண்டிருந்தாள். ஆனால் விடுதி வார்டன் அம்மாவுக்கு எக்ஸ்ரே கண்.

"மாசக் கடைசி வரைக்கும்தான்மா. இது தனி ஆளுக்கான விடுதி. நீ இப்ப தனி ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கணக்கு சரிதான்.

அக்கா வீட்டுக்குப் போய்விடலாமே என்று யோசனை சொல்பவர்கள் அக்கா வீட்டைப் பார்த்ததில்லை. அதுவும் ஒரு படுக்கையறை வீடுதான். அதில் அக்கா, வேன் ஓட்டும் சகலை, இரண்டு பிள்ளைகள், சகலையின் அப்பா, அவருடைய இருமல். அங்கே ஒருவர் புரண்டு படுக்க வேண்டுமானால் மற்றவர்களின் சம்மதம் வேண்டும்.

ஆகவே தரகரைப் பிடித்தார்கள். போனை எடுத்ததும் "இப்பவே வாங்க" என்பார். போய் நின்றால் "இப்பதான் போச்சு" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அவர் ஒரு சொந்த வீடு கட்டியிருந்தார். அவர் காட்டிய படுக்கையறைகளை மறக்க முடியாது. ஒன்று, பால்கனியைப் பலகை வைத்து அடைத்தது. மழை வந்தால் கட்டிலோடு நனையலாம். இன்னொன்றில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் கட்டில் கிடையாது. "ஒரு தடவ உள்ள போயிட்டா அப்புறம் எதுக்குங்க தெறக்கணும்?" என்றார் தரகர். எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன வாடகையைக் கேட்டு, அவள் தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள், உள்ளே இருப்பது கேட்டுவிடக் கூடாதே என்று.

மாதம் பாதியைத் தாண்டியபோதுதான் அந்த வீடு வந்தது. காற்றோட்டமான ஒரு படுக்கையறை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. வாடகை, நம்ப முடியாமல் இருவரும் இரண்டு தடவை கேட்ட அளவுக்குக் குறைவு. விளம்பரத்தில் ஒரே ஒரு நிபந்தனை: குடும்பத்துக்கு மட்டும்.

"நாம குடும்பந்தானேங்க?" என்றாள் அவள், கொஞ்சம் சந்தேகத்தோடு.

வாடகை ஏன் குறைவு என்பது வீட்டுக்காரரைப் பார்த்ததும் புரிந்தது. கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார். வாசலில் இருந்த பெயர்ப்பலகை கதவைவிடக் கொஞ்சம் அகலம். முன்னாள் கூடுதல் இணை இயக்குநர். எதை இயக்கினார் என்று பலகையில் இல்லை. அது நின்றுபோன பிறகுதான் ஓய்வு பெற்றார் என்று தரகர் சொன்னார். வீடு கேட்டு வந்தவர்களையெல்லாம் நேர்முகத் தேர்வு வைத்துத் தோற்கடித்ததில், மாடி வீடு பல மாதமாகக் காலியாகவே கிடந்தது.

"நான் வீட்டை வாடகைக்கு விடுறதில்ல. தேர்வு பண்றேன்" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "சமைப்பீங்களா?"

"சாப்பிடுவோம் சார்."

"வாசனை மாடியோட நிக்கணும். படி எறங்கக் கூடாது. குழந்தை?"

அவள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் சுவரில் இருந்த பாராட்டுக் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் இல்ல சார்" என்றான். அது பொய் இல்லை. நான்கு மாதத்துக்கு உத்தரவாதமுள்ள உண்மை.

"ரொம்ப நல்லது. அழுகைச் சத்தம், சுவத்துல கிறுக்கல், இதெல்லாம் எனக்கு ஒத்துக்காது."

"ஆனா குடும்பத்துக்கு மட்டும்னு போட்டிருந்தீங்களே சார்" என்று அவள் கேட்டுவிட்டாள்.

"குடும்பம்னா கணவன், மனைவி, கௌரவம். இந்த மூணும் போதும்."

நான்காவதாக ஒன்று அவள் வயிற்றுக்குள் ஒரு உதை விட்டது. அவள் இருமிச் சமாளித்தாள்.

தேர்வில் தேறிவிட்டார்கள் என்றே தோன்றியது. ஆனால் இயக்குநர் எழுந்து நின்று, கடைசிக் கட்டத்தை அறிவித்தார். "கள ஆய்வு. இப்ப நீங்க குடியிருக்கிற வீட்டை நான் நேர்ல வந்து பார்ப்பேன். மனுஷன் வாய் பொய் சொல்லும். வீடு சொல்லாது. வர்ற ஞாயித்துக்கெழம."

சார், எங்களுக்கு வீடே இல்லை, அதனால்தானே உங்களிடம் வந்தோம் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வேலையில் இருப்பவனுக்குத்தான் வேலை கிடைக்கும், பணம் இருப்பவனுக்குத்தான் கடன் கிடைக்கும். அதே தர்மத்தின்படி, வீடு இருப்பவனுக்குத்தான் வீடு.

"அக்கா வீட்டைக் கேப்போம்" என்றாள் அவள், தெருவுக்கு வந்ததும்.

"அந்த வீட்டைக் காட்டினா இந்த வீடு கெடைக்குமா?"

"அதுக்குத்தான நீங்க இருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அவன் தன் வித்தை முழுவதையும் அக்கா வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டான். சகலையின் வேனில் கடைச் சாமான்கள் வந்து இறங்கின. விளக்கு, விரிப்பு, மெத்தைத் திண்டு, வயிறில்லாத புத்தகங்கள், ஆப்பிள், எல்லாம். அக்கா வீட்டுப் பொருள்கள் மொத்தமும் படுக்கையறைக்குள் போயின. அவற்றின் மேல் அக்கா, சகலை, இரண்டு பிள்ளைகள், இருமலோடு கூடிய அப்பா.

"எங்க வீட்ல நாங்களே ஒளிஞ்சுக்கிறோம்" என்றார் சகலை, மூட்டைகளின் உச்சியிலிருந்து. "சகலை, ஒரே ஒரு சந்தேகம். மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க சகலை" என்று கதவைச் சாத்தினான்.

இயக்குநர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தை வலம் வந்தார். அவள் சோபாவில் மடி நிறைய ஒரு திண்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஓர் ஆப்பிளை எடுத்து முகர்ந்தார்.

"என்ன ஆப்பிள் இது? வாசனையே காணோம்?"

"உங்களுக்கு வாசனை பிடிக்காதுன்னு சொன்னீங்களே சார்."

சுவரில், சட்டத்தோடு கடைக்கு வந்த படம் தொங்கியது. எல்லாப் பற்களும் தெரியச் சிரிக்கும் ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு நாய்.

"இவங்க?"

"தூரத்துச் சொந்தம் சார்."

"என் மக வீட்லயும் இவங்க படம் மாட்டியிருக்கே?"

"அப்ப நாமளும் சொந்தமாயிட்டோம் சார்" என்றான். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

படுக்கையறைக்குள்ளிருந்து இருமல் வந்தது. அதை அடக்க யாரோ வாயைப் பொத்தியதில், பிள்ளைகள் சிரிக்கும் சத்தமும் வந்தது.

"பக்கத்து வீடு சார். நடுவுல சுவர் லேசு."

"பாத்தீங்களா, இதனாலதான் குழந்தை உள்ளவங்களுக்கு நான் குடுக்கிறதில்ல" என்று அனுதாபத்தோடு தலையாட்டியபடி, இயக்குநர் நேரே படுக்கையறைக் கதவை நோக்கி நடந்தார். அவள் திண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் இரண்டடி பின்னால் ஓடி, செய்வதறியாமல் நின்றான். கதவுக்கு ஒரு சாண் முன்னால் இயக்குநரும் நின்றார்.

"பயப்படாதீங்க. ஒரு தம்பதியோட படுக்கையறை வாசலை அடுத்த ஆம்பள தாண்டக் கூடாது. வாழ்க்கையில ஒரு தடவகூட நான் தாண்டினதில்ல. அது என் கொள்கை."

உலகத்தில் கொள்கைக்கும் ஒரு பயன் உண்டு என்று அவன் அன்றைக்குத்தான் கண்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், முதுகில் ஏதோ குத்துகிறதே என்று திண்டைப் புரட்டினார். கடையின் விலைச்சீட்டு. சட்டத்திலும் ஒன்று. விளக்கிலும் ஒன்று. எல்லாம் போயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதெல்லாம் கடைச் சாமானா? இந்த அழகு பூரா நீங்க செஞ்சதா?"

பொய் பிடிபட்டதே என்று வெட்கப்பட வேண்டிய நேரத்தில், அவனுக்குள் இருந்த தொழிலாளி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "ஆமா சார். சாமான் முக்கியமில்ல சார், அதை எங்க வைக்கிறோங்கிறதுதான் முக்கியம். அந்தக் கண்ணாடியை இப்படித் திருப்பினதாலதான் கூடம் ரெண்டு மடங்கா தெரியுது. மாட்டுத் தொழுவத்தைக் குடுங்க, மாளிகையா காட்றேன்."

இயக்குநரின் கண்ணில், ஓய்வு பெற்ற நாளிலிருந்து அணைந்து கிடந்த ஏதோ ஒன்று எரியத் தொடங்கியது.

"என் மாடி வீடு வெறுமையா கிடக்கு. அதோட அருமை யாருக்கும் தெரியல. நீங்க ஒரு தடவ கை வச்சுக் குடுங்களேன். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவர் போனதும் படுக்கையறைக் கதவு திறந்து, மனிதர்களும் மூட்டைகளும் கலந்து வெளியே விழுந்தார்கள்.

"கெடச்சிருச்சு சகலை!" என்றான்.

"பேசிக்கலாம்னு சொன்னவங்க யாருங்க பேசியிருக்காங்க?" என்றாள் அவள். ஆனாலும் அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

கடை முதலாளியிடம் மன்றாடினான். இயக்குநரைத் தேடி வருகிற பெரிய மனிதர்கள் கட்டிலையும் பார்ப்பார்கள், விளம்பரமாயிற்று என்று வாதாடிச் சாமான்களை இரவல் வாங்கினான். "திங்கக்கெழம காலைல கட்டில் கடையில நிக்கணும். இல்லேன்னா நீ நிக்க மாட்ட" என்றார் முதலாளி.

வேலை முடிந்த பிறகு மூன்று மாடி ஏறி, சுவரைத் தேய்த்தான், வெள்ளையடித்தான். இதுவரை அவன் செய்ததெல்லாம் முகம் தெரியாதவர்களின் கனவுக்கு ஜோடனை. இது அப்படி இல்லை. அவள் இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பாள் என்று, ஜன்னல் காற்று முகத்தில் விழும்படி கட்டிலைத் திருப்பினான். ராத்திரி எழுந்தால் இடறாமல் இருக்க விரிப்பை நகர்த்தினான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், எட்டினால் கைக்கு அகப்படும் தூரத்தில், கொஞ்சம் இடம் விட்டான். தொட்டிலுக்கு. பிறகு, அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று இயக்குநர் கேட்டுவிடக் கூடாதே என்று, ஒரு உயரமான பிளாஸ்டிக் செடியை அங்கே நிறுத்தினான்.

இயக்குநர் வந்து பார்த்தார். வாயைத் திறக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு திறந்தார்.

"தம்பி, இது பழைய வீடே இல்ல. இனிமே பழைய வாடகையைச் சொன்னா இந்த வீட்டுக்கே அவமானம்."

அவர் சொன்ன புதிய வாடகை, இரண்டு பேர் சம்பளத்தையும் விழுங்கிவிட்டு இன்னும் வாயைத் திறந்து வைத்திருந்தது.

"சார், நாங்க..."

"உங்களை விட்டுடுவேனா? ஞாயித்துக்கெழம எல்லாரையும் பாக்க வரச் சொல்லியிருக்கேன். அந்த வாடகைக்கு யாரும் வரலேன்னா வீடு உங்களுக்குத்தான். ஒரு உதவி பண்ணுங்க. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள இருங்க. குடித்தனம் நடக்கிற மாதிரி ஒரு களை இருக்கும்."

கேட்டுவிட்டுச் சகலை தலையில் அடித்துக்கொண்டார். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்கு வெள்ளையடிச்சு, விளக்குப் போட்டு, வேன்ல ஏத்திக் கொண்டுபோய் இறக்கினது நாம ரெண்டு பேருந்தான் சகலை."

சனிக்கிழமையோடு மாதம் முடிந்தது. வார்டன் அம்மா சொன்ன சொல் தவறாதவர். அவள் கட்டிலில் அன்றைக்கே புதுப் பெண் வந்துவிட்டாள். அக்கா வீட்டில் பெரிய பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததால், வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் பக்கமே வராதே என்று அக்கா அழுதுகொண்டே போனில் சொல்லிவிட்டாள். விடுதி வரவேற்பறையின் மர நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிறு காலை ஒரு பெட்டியோடும் வீங்கிய கால்களோடும் அவள் மூன்று மாடி ஏறி வந்தாள்.

படுக்கையறையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிளாஸ்டிக் செடியைப் பார்த்தாள். அது எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒருவரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அஞ்சு நிமிஷம் படுத்துப் பாக்கிறேங்க" என்றாள்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். காற்று சரியாக முகத்தில் விழுந்தது. அவன் பத்து எண்ணுவதற்குள் தூங்கிப்போனாள்.

தரகர் முதல் கூட்டத்தோடு படியேறும் சத்தம் கேட்டது. முன்னால் வந்த இயக்குநர், படுக்கையறை வாசலில் ஆணி அடித்தாற்போல் நின்றார். கோட்டு இல்லாமல், திண்டு இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல் அவள் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது... இது என்ன?"

"குடும்பம் சார்" என்றான் அவன்.

"ஏமாத்திட்டீங்க! எழுப்புங்க, ஆள் வருது!"

அவனுக்கு எழுப்பத்தான் தோன்றியது. எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கத்தான் கால் தயாராக இருந்தது. எங்கே இறங்குவது என்று மட்டும் தெரியவில்லை. அவள் லேசாக வாயைத் திறந்தபடி தூங்கினாள். இப்படி அவள் தூங்கி அவன் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"நீங்களே எழுப்புங்க சார்" என்றான்.

இயக்குநரின் வலது கால் ஒரு அங்குலம் முன்னால் போயிற்று. பிறகு, வாழ்நாள் முழுக்கத் தாண்டாத வாசல் ஞாபகம் வந்து, இருந்த இடத்துக்கே திரும்பியது. அதற்குள் அவருக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஷ்ஷ், ஆள் தூங்குறாங்க" என்றாள் முன்னால் வந்த ஒரு பெண்.

"இல்லம்மா, வீடு காலிதான்" என்றார் இயக்குநர்.

"காலியா? மாசமா இருக்கிற பொண்ணு படுத்திருக்கு, காலிங்கிறீங்க?"

"இவங்களைக் காலி பண்ண வச்சிட்டுத்தான் நமக்குக் குடுக்கப் போறாரா?" என்றான் அந்தப் பெண்ணின் கணவன்.

"பாக்கப் பெரிய மனுஷன் மாதிரி இருக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாதிரிதான்" என்றது அதற்கும் பின்னால் ஒரு குரல்.

இயக்குநர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். ஆனால் உரக்கப் பேசினால் அவள் விழித்துக்கொள்வாள் என்று ஊரே அவரை முறைத்தது. மெதுவாகப் பேசியோ அவருக்குப் பழக்கமில்லை. கூட்டம் ஓசைப்படாமல் படியிறங்கியது. தரகர் கீழே இறங்கி நின்று, வழக்கம் மாறாமல், "இப்பதான் போச்சு" என்று அடுத்து வந்தவர்களையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒருவன் மட்டும் போகவில்லை. தோளில் ஒரு குழந்தை தூங்க, கையில் அளவு டேப்போடு, வெளியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய கண்கள் ஜோடனைக்காரனுக்கு நன்றாகத் தெரிந்த கண்கள். கிடங்கில், ரசம் போன கண்ணாடிகளில், தினமும் பார்க்கிறவை.

"அவங்க எப்பங்க எழுந்திருப்பாங்க?" என்று அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"எனக்கும் அதுதான் தெரியணும்" என்றார் இயக்குநர், கூடத்து சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து. கெஞ்சும் குரல் அவருக்குப் புதிது.

கட்டில் நாளைக் காலை கடையில் நிற்க வேண்டும். இவர் போலீஸைக் கூப்பிடலாம், மகளைக் கூப்பிடலாம், கொள்கையையே மாற்றிக்கொள்ளலாம். ஜோடனைக்காரன் படுக்கையறைக்குள் போய், பிளாஸ்டிக் செடியை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான்.

"அதை ஏன் எடுக்கிறீங்க? அங்க அழகா இருந்துதே?" என்றார் இயக்குநர்.

"அந்த இடம் வேணும் சார்" என்றான்.